பிஸ்டனும் சிலிண்டரும்: இணை தேரும் முறை

மோட்டார் எஞ்சின் ஒன்றின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடம், வெளியே பளபளக்கும் பாகங்களில் இல்லை. பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில்தான் இருக்கிறது. இடைவெளி மிகுந்தால் எண்ணெய் மேலேறிப் புகையும். எரிவாயு கீழே கசிந்து வலிமை குன்றும். குறைந்தால், சூட்டில் விரியும் பிஸ்டன் சுவரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே, பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்போர் முதலில் சிந்திக்க வேண்டியது இவ்விரண்டின் பொருத்தத்தையே ஆகும்.

வாசக அன்பர்களே! மோட்டார்த் தொழில் கற்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், உலகெங்கும் இன்றளவும் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டு வரும் ஒரு காரை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த போர்ஷே 911.

1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இக்காரின் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த நிலையில் அமைந்துள்ளன. 1998 வரை இவ்வகை எஞ்சின்களுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி இல்லை. பெரிய விசிறி ஒன்று வீசும் காற்றும், சுற்றி ஓடும் எண்ணெயுமே சூட்டைத் தணித்தன. சாதாரணக் கார்களில் சிலிண்டர்கள் ஒரே வார்ப்பாக இருக்கும். தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்து பெரிதாக்குவர். இங்கோ, ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்க பாகம். அதனாலேயே எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி எழுகிறது.

முதலில் அறிய வேண்டியது, கையில் உள்ள சிலிண்டர் எந்த உலோகத்தால் ஆனது என்பதாகும். தொடக்க கால 911 கார்களில் சில வார்ப்பிரும்பால் ஆனவை. வேறு சில ‘பைரல்’ எனப்படுபவை. உள்ளே இரும்புக் குழல், வெளியே அதன்மீது வார்க்கப்பட்ட அலுமினியச் சிறகுகள். மூன்றாவது வகை மாலே நிறுவனத்தின் ‘நிகாசில்’. இதில் இரும்பே இல்லை. அலுமினியச் சுவரின்மீது நிக்கலும், அதனுள் பொதிந்த சிலிக்கான் கார்பைடுத் துகள்களும் மெல்லிய பூச்சாக ஏற்றப்பட்டிருக்கும். நான்காவது ‘அலுசில்’. இதில் பூச்சும் இல்லை. சுமார் 17 விழுக்காடு சிலிக்கான் கலந்த அலுமினியமே சுவர். மேற்பரப்பில் வெளிப்பட்டு நிற்கும் கடினமான சிலிக்கான் மணிகளே ரிங்குகளைத் தாங்குகின்றன.

இவ்வேறுபாட்டை அறியாது பிஸ்டன் வாங்குவோர் பெரும் நட்டத்துக்கு ஆளாவர். அலுசில் சிலிண்டருக்குள் செல்லும் பிஸ்டனின் பக்கங்களில் இரும்புப் பூச்சு இருந்தே ஆக வேண்டும். சாதாரண அலுமினியப் பிஸ்டனைப் போட்டால் அலுமினியத்தோடு அலுமினியம் உராய்ந்து, விரைவில் இரண்டும் பற்றிக்கொள்ளும். நிகாசிலுக்கோ இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதை வார்ப்பிரும்பைப் போல் கடைந்து பெரிதாக்க இயலாது. பூச்சு தேய்ந்தாலோ கீறினாலோ, அதனை நீக்கி மறுபூச்சுப் போடும் தனித்திறன் பெற்ற பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.

இனி, பலரையும் மயக்கும் ‘பெரிய அளவு’ என்னும் ஆசைக்கு வருவோம். 911 எஞ்சினின் வரலாறே வளர்ச்சியின் வரலாறுதான். முதல் எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 80 மி.மீ.; கொள்ளளவு 1,991 க.செ.மீ. பின்னர் விட்டம் 84 ஆயிற்று. 1972 மாடலில் பிஸ்டனின் ஓட்டமும் 66இலிருந்து 70.4 மி.மீ. ஆக நீண்டு, கொள்ளளவு 2,341ஐ எட்டியது. 1973ஆம் ஆண்டுக் கரேரா ஆர்.எஸ். காரில் விட்டம் 90 ஆகி, கொள்ளளவு 2,687 ஆனது.

இந்தக் கடைசிப் பாய்ச்சல் எவ்வாறு இயன்றது? அருகருகே உள்ள இரு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே 118 மி.மீ. தூரமே உண்டு; அதை மாற்றினால் எஞ்சின் முழுவதையும் புதிதாக வார்க்க நேரும். 90 மி.மீ. விட்டம் வைத்தால் இரண்டு சுவர்களுக்கும் அவற்றின் சிறகுகளுக்குமாக எஞ்சுவது 28 மி.மீ. மட்டுமே. அதற்குள் இரும்புக் குழலையும் வைத்து, குளிர்ச்சிக்கும் வழி செய்வது அரிது. 917 பந்தயக் கார்களில் சோதிக்கப்பட்ட நிகாசில் பூச்சு இங்கே கைகொடுத்தது. குழல் போய்ப் பூச்சு வந்ததும் இடம் கிடைத்தது.

ஆகவே, 2.4 லிட்டர் எஞ்சின் வைத்திருப்போர் 90 மி.மீ. சிலிண்டர்களை வாங்கிப் பொருத்தினால், கொள்ளளவு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும் என்பது மெய்யே. ஆயினும் அது ஆறு சிலிண்டர், ஆறு பிஸ்டன் ஆகியவற்றின் விலையோடு முடியும் செலவு அன்று. சிலிண்டர் அமரும் கிராங்க் கேஸின் வாய்களை அகலப்படுத்த வேண்டும். அக்காலக் கிராங்க் கேஸ் மெக்னீசியத்தால் ஆனது. சூட்டில் அலுமினியமும் மெக்னீசியமும் எஃகைவிட அதிகமாக விரிவதால், சிலிண்டர்களையும் ஹெட்டுகளையும் இழுத்துப் பிடிக்கும் நீண்ட எஃகு ஸ்டட்டுகள் மெக்னீசியத்தின் மரைகளைப் பிய்த்துக்கொண்டு வருவது 2.7 லிட்டர் எஞ்சின்களில் நன்கறியப்பட்ட நோய். மரைகளுக்கு எஃகுப் புதை மரைகள் இடாமல் புதிய சிலிண்டர்களைப் பூட்டுவது, செல்லரித்த தூணின்மேல் மாடி எழுப்புவதற்கு ஒப்பாகும். பின்னர் வந்த 95 மி.மீ. விட்டமுள்ள 3 லிட்டர் எஞ்சினில் போர்ஷே நிறுவனம் அலுமினியக் கிராங்க் கேஸுக்கே திரும்பியது.

அடுத்தது பிஸ்டனின் தலை வடிவம். எரிபொருட்கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை அதுவே பெரிதும் முடிவு செய்கிறது. 2.7 லிட்டரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 448 க.செ.மீ. ஆர்.எஸ். காரின் அமுக்க விகிதமாகிய 8.5 வேண்டுமெனில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் வெற்றிடம் சுமார் 60 க.செ.மீ. இருத்தல் வேண்டும். குவிந்த தலையுள்ள பிஸ்டன் அதை 52 ஆகக் குறைத்தால் விகிதம் 9.6ஐத் தாண்டும். வலிமை கூடும்தான்; ஆனால் தரம் குறைந்த பெட்ரோலில் கலவை முறையின்றி வெடித்து, ரிங் அமரும் வரப்புகளையே உடைத்துவிடும். 1989இல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினில் விகிதம் 11.3, அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வைக்கப்பட்டன என்பதையும் நினைவிற் கொள்க. கணக்கைத் தாளில் மட்டும் போட்டு நிறைவு கொள்ளாமல், அளவுக் குழாயால் திரவம் ஊற்றி வெற்றிடத்தை அளந்தே அறிதல் வேண்டும்.

தலையில் வெட்டப்பட்டுள்ள வால்வுக் குழிகளையும் நோக்குக. கே-ஜெட்ரானிக் எரிபொருள் முறைக்கென்று செய்த பிஸ்டன்களில் இக்குழிகள் ஆழமற்றவை. அவற்றோடு வால்வை அதிகம் உயர்த்தும் பந்தய வகைக் காம் ஷாப்ட்டைப் பூட்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயம் உண்டு.

அடித்துருவாக்கிய பிஸ்டன்களிலும் இருவகை உள்ளன. 4032 என்னும் கலவையில் சுமார் 12 விழுக்காடு சிலிக்கான் இருப்பதால் சூட்டில் விரிவு குறைவு. சாலையில் ஓடும் காருக்கு ஏற்றது. 2618 என்னும் கலவை அடி தாங்கும் உறுதி மிக்கது. ஆனால் அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி கேட்கும், குளிர்ந்த நிலையில் ஒலியும் எழுப்பும். மாலே நிறுவனத்தின் மூல ஜோடிகளில் இடைவெளி சுமார் 0.03 மி.மீ. அளவே. ஒரு வகைக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது. பிஸ்டன் செய்தவர் குறித்த அளவே சட்டம்.

சிலிண்டர்களை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, அதன் வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மூலச் சிலிண்டர்களின் அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 6 என்ற உயரக் குறி இருக்கும். ஒரு பக்கத்தின் மூன்று சிலிண்டர்களும் ஒரே குறியினவாய் இருத்தல் அவசியம். ஏனெனில் அம்மூன்றின் தலைகளையும் ஒரே காம் ஷாப்ட் கூடு இணைக்கிறது. உயரம் மாறினால் அக்கூடு கோணும், கசிவு தோன்றும். ஆறு பிஸ்டன்களையும் தராசில் நிறுத்து எடையொப்புமை காண்பதும் தவிர்க்கலாகாதது.

இத்தனையும் அளந்தபின், பழைய நிகாசில் சிலிண்டர்கள் எல்லைக்குள் நிற்பதைப் பல நேரங்களில் காணலாம். ரிங் பள்ளங்கள் தேய்ந்திருக்கும். சிலிண்டரோ வட்டம் குலையாமல் இருக்கும். அந்நிலையில் அவற்றைக் காத்துக்கொண்டு, பொருந்தும் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. காரின் மூல வடிவத்தைப் போற்றும் உரிமையாளருக்கும் அதுவே மகிழ்வு தரும். புதிது விற்றால் பட்டறைக்கு ஆதாயம் மிகுதி என்பது உண்மையே. எனினும் பிரித்துப் போட்ட எஞ்சின், உரிமையாளர் நம் கையில் ஒப்படைத்த அமானிதம் அன்றோ! அளந்த கணக்கைத் தாளில் எழுதி அவர் முன் வைத்து, எது தேவை, எது ஆசை என்பதைப் பிரித்துக் காட்டிய பின்னரே பணம் பேச வேண்டும். தொழில் பழகும் பிள்ளைகளுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கும் பயிற்சியோடு இவ்வழக்கத்தையும் சேர்த்தே கற்பிப்போமாக.