777 போட்டா ஓடும்... அப்புறம்?

மணவூர் வீட்டுல சும்மா கெடந்த பழைய பொட்டியில நெக்ஸ்ட்கிளவுட் போட்டேன் மக்களே. குடும்ப போட்டோ, கிரயப் பத்திர ஸ்கேன் எல்லாம் நம்ம கைக்குள்ளயே இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. இன்ஸ்டால் பண்றப்பவே டேட்டா ஃபோல்டர்ல எழுத முடியலை, பர்மிஷன் டினைடுன்னு நின்னுடுச்சு.

இதுக்கு நம்மாளுங்க சொல்ற கைவைத்தியம் ரெண்டு. ஒண்ணு, சிஎச்மாட் 777. இன்னொண்ணு, எஸ்இலினக்ஸை அணைச்சுடு. ரெண்டையும் செஞ்சேன். ஓடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, அதே பொட்டியில அக்கா பையன் எழுதின குப்பை அள்ளுற ஸ்கிரிப்ட் ஒண்ணு வழி தவறிப் போய், பத்திர ஸ்கேனையெல்லாம் அள்ளிடுச்சு. அவனைத் திட்டினேன். யோசிச்சுப் பார்த்தா தப்பு என்னோடது. லினக்ஸ்ல ஒரு ஃபைலை அழிக்க, அது இருக்கிற ஃபோல்டர்ல எழுதுற உரிமை இருந்தாப் போதும். 777ன்னா அந்த உரிமை பொட்டியில இருக்கிற அத்தனை யூசருக்கும். "வீட்டுப் பொட்டிதானே, யாரு வரப்போறா"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதான். வெளியாள் யாரும் வரலை சாமி!

பர்மிஷன் டினைடுன்னு வந்தா மெஷின் "யாருப்பா நீ?"ன்னு கேக்குது. பதில் சொல்லணும். கேக்கறவன் வாயை அடைக்கக் கூடாது.

முதல்ல ஓனரைப் பாருங்க. டேட்டா ஃபோல்டர் வெப் சர்வரோட யூசர் பேர்ல இருக்கணும். டெபியன், உபுண்டுல அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ஃபெடோரா வகையறால அப்பாச்சி. ஓனரை மாத்திட்டு ஃபோல்டருக்கு 750 கொடுத்தாலே தாராளம். அதுக்கு மேல இருக்கிற ஃபோல்டர்கள்லயும் உள்ள நுழைய உரிமை இருக்கான்னு பாருங்க. எக்ஸ்ஃபேட் டிரைவா இருந்தா ஓனர் பேரை எழுதி வைக்க அதுல இடமே கிடையாது. மவுன்ட் பண்றப்பவே சொல்லிடணும்.

அப்பவும் அடம் பிடிச்சா எஸ்இலினக்ஸ். அமெரிக்காவோட என்எஸ்ஏ 2000ல வெளியிட்டது, 2003ல வந்த 2.6 கெர்னல்ல சேர்ந்தது. கோயில் உண்டியல் மாதிரின்னு வச்சுக்குங்க. சாவி இருந்தா மட்டும் பத்தாது, சீலையும் பார்ப்பாங்க. ஓனர்தான் சாவி, லேபிள்தான் சீல்.

ஆடிட் லாக்ல ஏவிசின்னு தேடினா யாரை எங்க தடுத்ததுன்னு வரும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையில, வெப் சர்வர் எழுதலாம்ங்கிற லேபிளை அந்த ஃபோல்டருக்குப் பதிஞ்சு, ரீஸ்டோர்கான் ஓட்டினா வேலை முடிஞ்சது. சிஎச்கான்ல மட்டும் மாத்தினா அடுத்த ரீலேபிள்ல போயிடும். எது தடுக்குதுன்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் பெர்மிசிவ்ல வைக்கலாம், தப்பில்லை. மறக்காம திரும்பப் போடுங்க.

மொத்தமே பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டுத்தான் நான் 777 போட்டேன்.

டிஸ்கி: பத்திரத்தோட ஒரிஜினல் பத்திரமா இருக்கு. பீரோ சாவி எப்பவும் அம்மா இடுப்புல :-)