நாற்காலி கொடுத்தால் போதுமா?

2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லைக் கைவிட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல்லை ஆட்சி வழக்கிற்குக் கொண்டு வந்தது. தமிழ் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் உவகை தந்த மாற்றம் அது. ஒருவரை எச்சொல்லால் அழைக்கிறோம் என்பதிலேயே அவரை எவ்வாறு மதிக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடும். எனினும், சொல் மாறிய அளவிற்கு நம் செயல் மாறியிருக்கிறதா என எண்ணிப் பார்த்தால் நெஞ்சு தயங்குகிறது. அத்தயக்கத்திற்குக் காரணமான ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன். அது சக்கர நாற்காலி.

ஊர்தோறும் நலத்திட்ட உதவி விழாக்கள் நடைபெறுகின்றன. ஒரே அளவில் செய்யப்பட்ட சக்கர நாற்காலிகள் மேடையின் முன் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. பெயர் வாசிக்கப்படுகிறது; நாற்காலி வழங்கப்படுகிறது; புகைப்படம் எடுக்கப்படுகிறது. கொடுப்போர் உள்ளம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவருக்குச் செருப்பு வாங்கப் போனால் கால் அளவு கேட்கிறோம். சட்டை தைக்கக் கொடுத்தால் தோள் அளவு எடுக்கிறோம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஒருவர் அமர்ந்திருக்கப் போகும் நாற்காலிக்கு மட்டும் எந்த அளவும் எடுப்பதில்லை.

அளவு, பயிற்சி, பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சக்கர நாற்காலி முழுமையான உதவியாகும். இம்மூன்றும் இன்றிக் கொடுக்கப்படும் நாற்காலி மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். சில வேளைகளில் அமர்ந்தவர் உயிருக்கே ஊறு செய்யும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

அமர்ந்தவர் ஆக்கிய ஊர்தி

சக்கர நாற்காலியின் வரலாற்றைப் புரட்டினால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். 1655ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் பகுதியில் ஸ்டீபன் பார்ஃப்ளர் என்னும் கடிகாரத் தொழிலாளர் வாழ்ந்தார். கால்கள் இயங்காத அவர், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தமக்கெனத் தாமே செய்துகொண்டார். இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் மடக்கு நாற்காலிக்கு அடிப்படை இட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஹெர்பர்ட் எவரெஸ்ட். சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்த அவர், 1930களில் தம் நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்சுடன் சேர்ந்து, காரில் மடித்து வைத்துக்கொள்ளத்தக்க குழாய் நாற்காலியை உருவாக்கினார். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்பவர் 1966இல் மாணவராக இருந்தபோது விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். 1980 முதல் நிகரகுவா போன்ற நாடுகளில், கரடுமுரடான பாதையில் ஓடவும் உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது நீக்கவும் ஏற்ற நாற்காலிகளை அந்தந்த ஊர்க் கைவினைஞரோடு இணைந்து அவர் வடிவமைத்தார்.

மூவரும் நாற்காலியில் அமர்ந்தவர்கள். தம் உடலுக்கும் தம் பாதைக்கும் எது பொருந்தும் என்பதைத் தாமே அறிந்தவர்கள். ஒருவர் தம் அளவிற்கெனச் செய்துகொண்ட கருவி, பின்னாளில் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கும் சரக்காகிப் போனது காலத்தின் முரண் எனலாம்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்பிற்குக் கீழ் உணர்வும் இயக்கமும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறையை வளர்த்தெடுத்தார். உடலுக்குப் பொருந்திய நாற்காலியும் உரிய பயிற்சியும் வாய்த்தால் மனிதர் எட்டக்கூடிய உயரத்திற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டாகும்.

அளவறிந்து கொடுத்தல்

பொருத்தமான நாற்காலியை அறிய ஓர் அளவுநாடாவும் சிறிது பொறுமையும் போதும். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தை ஒட்டி இருக்க வேண்டும். அகலம் மிகுந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். நாளடைவில் முதுகெலும்பு வளையும். சக்கரத்தை எட்டித் தள்ளத் தோள் வலிக்கும். அகலம் குறைந்தால் இடுப்பெலும்பு உராய்ந்து தோல் புண்ணாகும்.

இருக்கையின் ஆழத்தைப் பொறுத்தவரை, முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் முன்விளிம்பிற்கும் இடையே இரண்டு விரல் அகலமேனும் இடைவெளி வேண்டும். கால் வைக்கும் பலகை மிக உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழும்பி, உடலின் பாரமெல்லாம் பிட்டத்தின் எலும்புகள் மேல் இறங்கும். மிகத் தாழ்ந்திருந்தால் கால்கள் தொங்கி, உடல் முன்னோக்கி வழுக்கும். தொடை முழுவதும் இருக்கையில் சமமாகப் படிவதே சரியான நிலை. பலகைக்கும் தரைக்கும் இடையே சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி இல்லையேல் மேடு பள்ளங்களில் தட்டும்.

கைகளைத் தளரத் தொங்கவிட்டால் விரல் நுனி பின்சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். அவ்வாறு தொட்டால் தள்ளுவது எளிது. சக்கரத்தைத் தாமே தள்ளுவோருக்கு முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்பிற்குக் கீழே நின்றுவிடுவது நலம். சில நாற்காலிகளில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தலாம். முன்னே கொண்டு வந்தால் தள்ளுவதற்கு இலகுவாகும். ஆனால் பின்னோக்கிக் கவிழும் அச்சமும் கூடும். இரு கால்களையும் தொடையளவில் இழந்தவர்க்கு உடலின் பாரம் பின்பக்கமே மிகும். ஆதலால் அவர்க்குப் பின்சக்கரத்தைச் சற்றுப் பின்தள்ளிப் பொருத்துதல் இன்றியமையாதது.

உணராத புண்

முதுகுத்தண்டு அடிபட்டவர்க்கு இடுப்பிற்குக் கீழே வலி தெரிவதில்லை. நாம் சற்று நேரம் அமர்ந்தால் நம்மையறியாமலே அசைந்து கொடுக்கிறோம். அவரால் அவ்வாறு இயலாது. ஒரே இடத்தில் அழுத்தம் நீடிக்க, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சதை அழுகத் தொடங்கும். படுக்கைப்புண் என மக்கள் கூறும் இப்புண் எலும்பு வரை ஆழ்ந்து, நச்சு இரத்தத்தில் கலந்தால் உயிரையே பறிக்கும்.

எனவே நாற்காலியோடு மெத்தையும் கொடுத்தாக வேண்டும். மெத்தையில்லா நாற்காலி பாதி நாற்காலியே. நடுவில் துளையுள்ள காற்று வளையத்தின் மேல் அமர்த்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது துளையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் தவிர்க்கத்தக்கது. பஞ்சுரப்பர் மெத்தை, அழுத்தி விட்டபின் பழைய வடிவிற்கு மீளாவிடில் மாற்றிவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறையேனும் முன்பக்கம் குனிந்தோ இருபக்கமும் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நாள்தோறும் இரவில் கண்ணாடி கொண்டோ குடும்பத்தார் துணைகொண்டோ தோலைப் பார்த்தல் நன்று. சிவந்த அல்லது கருத்த இடம் மறையாதிருந்தால் அது மறையும் வரை அவ்விடத்தின் மேல் அமரலாகாது. மருத்துவரையும் காண வேண்டும். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பும் ரெக்சினும் உணர்வற்ற தோலைச் சுட்டுவிடும் என்பதும் நம் நாட்டினர் மறக்கலாகாத எச்சரிக்கையாகும்.

ஓட்டவும் ஒரு பயிற்சி

சைக்கிள் ஓட்டக் கற்பிக்கிறோம். சக்கர நாற்காலி ஓட்ட யாரும் கற்பிப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இருபக்கப் பிரேக்கையும் போட வேண்டும். கால்பலகையை ஒதுக்கிவிட வேண்டும். கால்பலகையை மிதித்து எழ முயன்றால் நாற்காலி முன்புறம் கவிழ்ந்துவிடும். பிரேக் என்பது நின்ற நாற்காலியை நிலைநிறுத்துவதற்கே உரியது. சரிவில் ஓடும்போது அதனைப் போட்டு வேகம் குறைக்க முனைதல் ஆபத்து. உள்ளங்கையில் வளையம் மெல்ல வழுகுமாறு பிடித்தே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். மேட்டில் ஏறும்போது உடலை முன்சாய்க்க வேண்டும். முதுகுப்புறம் கனத்த பையை மாட்டினால் மேட்டில் நாற்காலி பின்னே கவிழும்.

உதவுவோரும் சில முறைகளை அறிதல் வேண்டும். செங்குத்தான சரிவில் நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, தாம் கீழ்ப்பக்கம் நின்று இறக்க வேண்டும். தூக்க நேர்ந்தால் அசையாத சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்; கழன்று வரும் கைப்பிடியையும் கால்பலகையையும் பிடித்துத் தூக்கினால் அவை கையோடு வந்துவிடும். முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி ஆகியவை சக்கரத்தில் சிக்காதபடி ஒதுக்குதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அமர்ந்திருப்பவரிடம் சொல்லாமல் நாற்காலியைத் தொடவோ தள்ளவோ கூடாது. அது அவருடைய உடலின் நீட்சி.

சைக்கிள் கடையும் சக்கர நாற்காலியும்

பழுதுபார்க்க ஆளில்லை என்பர். பெரும்பகுதி பழுதுகளை நம் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரே நீக்கவல்லவர். பஞ்சர் ஒட்டவும், தளர்ந்த கம்பிகளை முறுக்கவும், சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும், பேரிங் மாற்றவும் அவர் கைக்குத் தெரியும்.

வீட்டில் செய்யத்தக்கவையும் உண்டு. வாரம் ஒருமுறை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்தால் தள்ளுவது கடினமாவதோடு, டயரை அழுத்தியே நிற்கும் பிரேக்கும் பிடிக்காமல் போகும். முன்சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும் முடியையும் நூலையும் நீக்க வேண்டும். நட்டு, போல்ட்டுகளை மாதம் ஒருமுறை முடுக்க வேண்டும். குறுக்குச் சட்டம் மடங்கும் இடத்தில் சிறிது எண்ணெய் இட வேண்டும். இருக்கைத் துணி தொட்டில்போல் தொய்ந்தால் மாற்ற வேண்டும். பற்றவைத்த இடங்களில் விரிசல் கண்டால், சீர்செய்யும் வரை அதில் அமரலாகாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைந்து அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலரவைத்தல் நன்று. நாற்காலியை விரிக்கும்போது உள்ளங்கையால் இருக்கையின் இருபக்கக் குழாய்களை அழுத்த வேண்டும். விரல்களைக் குழாய்க்கு வெளியே விட்டால் சட்டத்திற்கிடையே நசுங்கும்.

ஒரு மறுப்புரை

“ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் அல்லவா? எல்லோருக்கும் அளவெடுத்துக் கொடுக்கப் பணத்திற்கு எங்கே போவது?” என்று பெரியோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. மருத்துவமனையின் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்குச் செல்ல ஏதோ ஒன்று போதும். வாழ்நாள் முழுவதும் அமர்வோருக்கு அது போதாது. பொருந்தாத நாற்காலியால் வந்த புண்ணுக்கு மாதக்கணக்கில் மருத்துவம் செய்யும் செலவு, நல்ல மெத்தையின் விலையைவிடப் பன்மடங்கு மிகும். நூறு பேருக்குப் பொருந்தாததைக் கொடுப்பதினும் அறுபது பேருக்குப் பொருந்தியதைக் கொடுப்பது உயர்ந்த அறம் என்பதே என் துணிபு.

இஃது என் தனிக்கருத்தன்று. உலகில் ஏறத்தாழ 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை எனக் கணக்கிட்டுள்ள உலக சுகாதார நிறுவனம், 2008இலும் 2023இலும் இது குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், பயிற்றுவித்தல், தொடர்ந்து கவனித்தல் என நான்கு படிகளை 2023ஆம் ஆண்டின் நெறிகள் வகுத்துரைக்கின்றன. நாம் முதற்படியையும் ஏறாமல் விழாவை முடித்துவிடுகிறோம்.

நாம் செய்யத்தக்கவை

ஜமாஅத்தாருக்கும் அறக்கட்டளையினருக்கும் ஒரு வேண்டுகோள். நாற்காலிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மெத்தைக்கும் பழுதுநீக்கத்திற்கும் ஒதுக்குங்கள். கொடுக்குமுன் பெறுபவரின் வீட்டிற்குச் சென்று, வாசல் அகலத்தையும் தெருவின் தன்மையையும் கழிவறையையும் பாருங்கள். பெறுபவரையே கேளுங்கள். கொடுத்து ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை சென்று பாருங்கள்.

பள்ளிவாசலாயினும் கல்லூரியாயினும் திருமண மண்டபமாயினும், வாயிலில் படிகள் இருந்தால் அருகே சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பலரும் ஏற்ற கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் பதினெட்டு அடிச் சாய்தளம் தேவை. படியின் மேல் பலகை சாய்த்துவிட்டு, ‘வசதி செய்துவிட்டோம்’ என்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். பொது இடங்களில் தடையின்றிச் செல்வதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாகவே கூறுகிறது. அதனைச் சலுகையாகக் கருதும் மனம் மாற வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். ஊரின் சைக்கிள் கடைக்காரரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டு, பழுதான நாற்காலிகளைச் சீர்செய்யுங்கள்.

தமிழ்த்துறைக்கும் இதில் கடமை உண்டு. நாற்காலியோடு வரும் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பயன்படுத்துவோரோ தமிழ் மட்டுமே அறிந்தோர். அளவு, மெத்தை, ஓட்டும் முறை, பராமரிப்பு ஆகியவற்றை எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதி அச்சிட்டு வீடுதோறும் சேர்க்கலாம். சொல்லை மாற்றிய தமிழால் அச்சொல்லுக்குரியோரின் வாழ்வையும் இவ்வாறு சிறிது எளிதாக்க முடியும். வரும் கல்வியாண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோம்.