கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

தோழனே!

மேட்டூரில் கதவு உயர்ந்து, கல்லணையில் மதகு திறக்கும் நாளில் அங்கே சென்று பார்த்திருப்பாய். மலர் தூவுவோர் உண்டு, நெல்மணி இறைப்போர் உண்டு, மாலை உண்டு, மேளம் உண்டு. காவிரியாக, வெண்ணாறாக, கல்லணைக் கால்வாயாகப் பிரிந்து நீர் புரண்டோடும் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால், தலைஞாயிற்றிலும் வேதாரணியத்திலும் வெடித்த வயலைப் பார்த்து நிற்கிறானே உழவன், அவன் அந்தக் காட்சிக்குக் கை தட்டுவதில்லை. அவனுக்கு ஒரே கேள்விதான்: கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா? மதகில் புரண்டது பேச்சுக்கு நீர். வயலில் நின்றதுதான் உலைக்கு நீர்!

இயக்கத்தையும் இந்தக் கோல் கொண்டே அளக்க வேண்டும் என்பேன்.

மாநாடு கூட்டுகிறோம். பந்தல் பெரிது, கூட்டம் பெரிது, கொடிக்கம்பம் வானை முட்டுகிறது. மகிழ்ச்சி! ஆனால், துண்டறிக்கையை எடுத்துக் கடைசி வரியைப் படித்துப் பார். வரவேற்போர் பெயர் இருக்கும்; தலைமை தாங்குவோர் பெயர் இருக்கும்; இறுதியில் "மற்றும் பலர்" என்று இரண்டு சொற்கள் இருக்கும். யார் அந்தப் பலர்? பந்தற்கால் நட்டவர், பசை வாளி சுமந்தவர், விடிய விடியச் சுவரொட்டி ஒட்டியவர், நடவு முடித்து ஈரச் சேலையோடு ஊர்வலத்தில் வந்து நின்ற தாய்மார்! நாடகம் எழுதிப் பழகியவன் நான். 'சேவகன் ஒன்று, சேவகன் இரண்டு' என்று பெயரில்லாப் பாத்திரங்களை எழுதுவது எத்தனை எளிது என்பதை அறிவேன். நாடகத்தில் அது நடக்கலாம். இயக்கத்தில் நடந்தால், அது இயக்கமன்று, ஒரு சிலர் நடிக்கப் பலர் திரை இழுக்கும் கம்பெனி!

"அனைவரும் நம்மவரே" என்று சொல்வது எளிது. அதைச் செய்து காட்டிய மண் ஒன்று உண்டு. அது வேறெங்கும் இல்லை, இந்தக் கீழத்தஞ்சைதான்.

1943ஆம் ஆண்டை நினைத்துப் பார். பண்ணையாள் என்றால் சவுக்கடி. சவுக்கடி போதாதென்றால் சாணிப்பால். விடியுமுன் ஏர் பூட்ட வேண்டும். இருட்டிய பின் கரையேற வேண்டும். காலில் செருப்புக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. அந்த மண்ணுக்கு ஒருவர் வந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர், கன்னட நாட்டவர். சேரியிற் பிறந்தவர் அல்லர். பார்ப்பனக் குடும்பத்திற் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு விடுதலைப் போரில் குதித்தவர். பெயர் பி. சீனிவாசராவ். கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்று என்னை எள்ளுவோர்க்கு நான் எடுத்துச் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று!

வந்தவர் என்ன செய்தார்? ஊர்த் திண்ணையில் அமர்ந்து சேரியைக் கூப்பிட்டனுப்பவில்லை. சேரிக்கே போனார், குடிசையில் தங்கினார், அவர்கள் உண்டதை உண்டார். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் சங்கம் பிறந்தது. அடித்தால் வாங்கிக்கொண்டு வராதே, திருப்பி அடி என்று அவர் கற்றுக்கொடுத்ததை அந்தப் பக்கத்து முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் பலர். மறு ஆண்டே, 1944இல், நிலக்கிழார்கள் உடன்படிக்கையில் கையொப்பம் இடவேண்டி வந்தது. சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தன. எதிரில் நிற்பதற்கே உரிமை இல்லை என்று விரட்டப்பட்டவன், எதிர்த்தரப்பு என்று ஏட்டில் எழுதப்பட்டான். இதைவிடப் பெரிய புரட்சி ஏது!

இன்னொன்றையும் கவனி. நிலக்கிழாருக்குக் கீழே இருந்தவர் எல்லாரும் ஒரே கூட்டம் அல்லர். குத்தகைக்கு உழுதவரில் பெரும்பாலோர் ஊர்த் தெருவினர். கூலிக்கு உழைத்தவர் சேரியினர். குத்தகையாளருக்கு வாரம் உயர வேண்டும். கூலியாளுக்குப் படி நெல் உயர வேண்டும். அந்தக் கூலியைக் கொடுப்பவரே சில இடங்களில் குத்தகையாளர்தாம்! பிரித்துப் பந்தாட இதைவிட வாய்ப்பு வேண்டுமா? ஒருவர் கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரை "வெற்றி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காக்கவைத்திருந்தால் சங்கம் ஒரு போகம் கூடத் தாங்கியிராது. இரண்டு கோரிக்கையையும் ஒரே கொடியில் கட்டினார்கள். அதனால்தான் 1952இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே சாகுபடிதாரரும் பண்ணையாளும் பக்கம் பக்கமாக இடம் பெற்றனர். வயலில் தோளோடு தோள் நில்லாதவர்கள் சட்டத்தின் தலைப்பில் சேர்ந்து நின்றார்கள்!

தலைமை எங்கிருந்தெல்லாம் எழுந்தது பார்! சேரியிலிருந்து எழுந்தார் களப்பால் குப்பு. 1948இல் திருச்சிச் சிறையில் உயிர் நீத்தார். மலேயாவிலிருந்து திரும்பினார் வாட்டாக்குடி இரணியன்; ஜாம்பவானோடையிலிருந்து கிளம்பினார் சிவராமன்; 1950 மே மாதத்தில் இருவரையும் துப்பாக்கி தின்றது. பார்ப்பனக் குலத்திற் பிறந்து, இளமையிலேயே கணவனை இழந்த பெண்ணொருத்தி தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் உடுத்திச் சேரிகளுக்குள் நடந்தார். அவரே மணலூர் மணியம்மை. 1953இல் மறைந்த அந்த வீராங்கனையைப் பின்னாளில் நாவலாக்கினார் இராஜம் கிருஷ்ணன். மொழி வேறு, குலம் வேறு, ஆண் பெண் வேறு. கொடி மட்டும் ஒன்று!

அந்தக் கொடியின் விலை என்ன என்பதை 1968 டிசம்பர் 25 சொல்லிற்று. கீழ்வெண்மணியில் 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வெந்து மடிந்தன. கூலி உயர்வு கேட்டது மட்டுமா அவர்கள் குற்றம்? சங்கத்தை விட்டு விலகு, கொடியை இறக்கு என்றார்கள், அவர்கள் இறக்கவில்லை. ஏன்? அந்தக் கொடியின் கீழ்தான் முதன்முதலாக அவர்கள் ஆளாக எண்ணப்பட்டார்கள். தன்னுடையது என்று ஒருவன் உணர்ந்துவிட்ட அமைப்பை விட்டு அவனைப் பிரிக்க நெருப்பாலும் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதார் நெசவுப் பிரிவில் நுழைய முடியாது. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்ததால், எச்சில் தீட்டு என்றார்கள். என்றது முதலாளி மட்டுமன்று, உடன் உழைத்த தொழிலாளியும்! 1928இல் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, எங்கள் கதவையும் திறக்கக் கோருகிறீர்களா என்று அம்பேத்கர் தொழிற்சங்கத்தைக் கேட்டார். அந்தக் கேள்வி எழும் வரை சங்கத்துக்கு அது ஒரு கோரிக்கையாகவே தோன்றவில்லை. கூலிக்குப் போராடத் தெரிந்த அமைப்புக்குத் தன் வீட்டுக்குள் இருந்த சுவர் தெரியவில்லை.

தஞ்சையிலும் எல்லாம் முடிந்துவிட்டதென்று மார்தட்ட வேண்டாம். அடிபட்டவர், சிறை சென்றவர் பட்டியலில் சேரியின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. தலைமைப் படிகளில் அதே அளவு நிறைந்தனவா என்ற கேள்வி நெடுநாளாக உயிரோடு இருக்கிறது. கேட்போர் பகைவர் அல்லர். கடைமடைக்காரர்கள்!

"இதையெல்லாம் பேசினால் ஒற்றுமை குலையாதா?" என்பாய். பேசுவதால் பிளவு வருவதில்லை, தோழனே; இருக்கும் பிளவு பேசுவதால் தெரிகிறது. கரை உடைந்திருப்பதைச் சொல்பவன் கரையை உடைத்தவன் ஆவானா? "தகுதி வேண்டாமா?" என்பாய். வேண்டும். ஆனால் மேடை ஏறாமல் யார் பேசப் பழகினார்? ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்காமலே குரல் சரியில்லை என்று தீர்ப்பெழுதலாமா? "தனித்தனி அணிகள் இருக்கின்றனவே!" என்பாய். இருக்கட்டும். அணி என்பது கிளை வாய்க்கால். அது வயலில் போய்ப் பாய வேண்டும். சாலையோரக் குட்டையில் தேங்கி நிற்கக் கூடாது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1994இல் ஊராட்சிச் சட்டம்; 1996இல் இட ஒதுக்கீட்டோடு தேர்தல். மறு ஆண்டே, 1997 ஜூன் 30 அன்று, மதுரைச் சீமையில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிச் சாய்த்தனர், நாற்காலியில் அமர்ந்த குற்றத்துக்காக! 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி என்று சட்டம் வந்தது; 2019இல் ஊரகத் தேர்தல் அப்படியே நடந்தது. ஆனாலும், மனைவி தலைவி, கணவர் ஆட்சி என்னும் நாடகம் எத்தனை ஊரில் நடந்தது என்பது உனக்குத் தெரியாததா? சட்டம் நாற்காலி செய்து தரும். அதில் உரியவரை அமர்த்தி, பக்கத்தில் நிற்பது இயக்கத்தின் கடமை. உட்கார்ந்த தலைவருக்கு இழுக்கு நேர்ந்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் அவர் தெருக்காரர் அல்லர். எதிர்த்தெருவிலிருந்து நம் கொடி பிடித்தவர்!

ஆகவே, இன்று மாலை உன் கிளைக்குப் போ. நான்கே கேள்வி கேள். கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது? நடவு நட்டு வீடு திரும்பும் பெண் வந்து சேரக்கூடிய நேரத்தில் நடக்கிறதா? கணக்குப் புத்தகமும் சாவியும் யார் கையில்? தலைவர் பேசி முடித்தபின் கை தட்ட மட்டுமே வாய்ப்புள்ளவர் எத்தனை பேர்? விடை தெரிந்ததும் வருந்திக்கொண்டு வீட்டுக்குப் போகாதே. அடுத்த கூட்டத்தை அடுத்த தெருவுக்கு மாற்று. "மற்றும் பலர்" என்ற இரண்டு சொற்களை அடித்துவிட்டு, பெயர்களை எழுது. இடம் போதாதென்றால், முதல் வரியில் நமக்குள்ள அடைமொழிகளைக் குறைத்துக்கொள்ளலாம்!

தலைமடைக்காரன் தன் மடையைச் சற்று அடைத்தால்தான் கடைமடைக்கு நீர் போகும். முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த மண்ணில் பிறந்தவர்கள் நாம். நம் முறை முடிந்திருந்தால், மண்வெட்டியை எடு தோழனே, மடையைத் திறந்துவிடு!