17296: பகிர்ந்தோம், கூட்டிப் பார்த்தோமா?



இரண்டு மூன்று நாட்களாக ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. 17296, 18416 என்ற எண் சோடியை முஸ்லிம்கள் கண்டுபிடித்தார்களாம், ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் திருடிவிட்டாராம். கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". அந்த எண்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கவலை அதுதான்.

18416 என்பது 16 × 1151. 1151 முதன்மை எண். ஆகவே 18416ஐத் தவிர அதன் காரணிகள் 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. கூட்டுங்கள், 17296 வரும். 17296இன் காரணிகளை அதேபோல் கூட்டினால் 18416 வரும். இவற்றை நட்பெண்கள் என்பார்கள். ஆகச் சிறிய சோடி 220, 284.

இத்தகைய சோடிகளைத் தேடுவதற்கு 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் விதி எழுதியவர் தாபித் இப்னு குர்ரா. அவர் முஸ்லிம் அல்ல, ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ. அவருக்கு இடம் கொடுத்த பக்தாதை நினைத்துத் தாராளமாகப் பெருமைப்படலாம். அந்த விதியிலிருந்து 17296ஐ எடுத்தவர்களாக அறியப்படுவோர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸியும் மராகேஷின் இப்னுல் பன்னாவும். ஃபெர்மா 1636இல்தான் அதற்கு வந்தார். களவெடுத்தார் என்பதற்கு நான் அறிந்த சான்று ஒன்றும் இல்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைக் கள்வன் என்பது நமக்கு ஆகுமான காரியமா?

இந்தச் சோடியைத் தரம் 9 பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். "சேர், இது பரீட்சைக்கு வருமா?" என்றார் ஒரு மாணவி. வராது என்றேன். இருந்தும் 17296ஐ 16 × 23 × 47 என்று உடைத்து, 19 காரணிகளையும் எழுதி, இரண்டு முறை பிழைத்து, மூன்றாம் முறை 18416ஐக் கண்டார். மறுநாள் அவருடைய வாப்பா வந்து, "பாஸ்ட் பேப்பர் செய்விக்காமல் ஏன் சேர் நேரத்தை வீணாக்குறீங்க?" என்று கேட்டார். ஓ.எல். கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு எத்தனை கதவுகள் அடைபடும் என்று எனக்கும் தெரியும், அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இப்படி உடைத்துப் பழகிய பிள்ளைக்குப் பொ.ம.சி. கணக்கில் பயம் இருக்காது. முன்னோர் பெயரை மட்டும் பகிர்ந்துவிட்டு, அவர்கள் செய்த வேலையைப் பிள்ளை செய்தால் "வீண்" என்பது எனக்கு விளங்கவில்லை.

1866இல் 1184, 1210 என்ற சோடியைக் கண்டவர் 16 வயது இத்தாலியப் பையன். ஒய்லர் போன்ற மேதைகளே தவறவிட்ட சோடி அது.

வகுப்பு இப்போது 9363584, 9437056இல் நிற்கிறது. இரண்டாவது 128 × 73727. 73727 முதன்மை எண்தானா என்று பார்க்க, 271 வரையுள்ள 58 முதன்மை எண்களாலும் வகுக்க வேண்டும். கல்குலேட்டர் இல்லாமல் நேற்று 113 வரை வந்துவிட்டார்கள்.