என் லேப்டாப்புல ஓடுதே!

நெட்வொர்க் டிரைவர் பேட்ச் ஒண்ணைப் படிச்சுட்டு, "இந்த பாயின்டர் நாலால் வகுபடாத முகவரியில் நிக்குது, நேரடியா 32 பிட்டா படிக்காதீங்க"ன்னு சொன்னா உடனே வரும் பதில்: "என் லேப்டாப்புல ஓடுதே சார்!" கூடவே அலைன்மென்ட் பற்றிக் கேட்பவனுக்கு நொட்டை சொல்றவன்னு ஒரு பட்டம். பட்டம் கொடுக்கிற மகராசன்களுக்குத்தான் இந்தப் பதிவு.

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் ஜம்முன்னு போன வண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் ஏறிடும்னு எழுதிக் கொடுப்பீங்களா? எக்ஸ்86 அந்தச் சமவெளி ரோடு. எங்கிருந்து படிச்சாலும் பிராசசரே சமாளிச்சுக்கும்.

கணக்கு ரொம்பச் சின்னது. ஈதர்நெட் தலைப்பு 14 பைட் (பெறுநர் 6, அனுப்புநர் 6, வகை 2). பஃபர் சரியான இடத்தில் தொடங்கினாலும், அடுத்து வர்ற ஐபி தலைப்பு நாலால் வகுபடாத இடத்தில் போய் உட்காரும். முன்னாடி 2 பைட் விட்டா 16, முடிஞ்சது. கர்னலில் அதுக்கு நெட்_ஐபி_அலைன்னு பெயரே இருக்கு. விடலைன்னா? ஸ்பார்க்கில் ட்ராப். மிப்ஸில் அந்த ட்ராப்பை கர்னல் பிடிச்சு, துண்டு துண்டாப் படிச்சு ஒட்டிக் கொடுக்கும். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு இந்தக் கூத்து நடந்தா, மலிவு விலை ரவுட்டர் நொண்டாம என்ன செய்யும்? பழைய ஏஆர்எம் (வி5 வரை) இன்னும் மோசம். அலைன்மென்ட் சோதனையைப் போட்டு வைக்கலைன்னா, சத்தமே இல்லாம பைட்டுகளைச் சுழற்றித் தப்பான எண்ணைக் கையில் கொடுத்திடும். செத்து விழுந்தாலாவது கண்டுபிடிக்கலாம்!

"அதெல்லாம் பழங்கதை"ன்னு சொல்றவங்களுக்கு: ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த விதிமுறைப்படி இந்த மாதிரிப் படிப்பை வன்பொருளே செஞ்சு தரலாம், இல்லைன்னா ட்ராப் பண்ணி மென்பொருள் தலையிலும் கட்டலாம். எது கிடைக்கும்னு டிரைவர் எழுதறவர் ஜோசியம் பார்க்க முடியாது. நம்ம சிப்புன்னு பெருமை பேசிட்டு, அதில் ஊர்ந்து போற டிரைவரை எழுதறது என்ன நியாயம்?

"சரி, எல்லா இடத்திலும் 2-ன்னு போட்டுடறேன்"னு இன்னொரு கோஷ்டி கிளம்பும். அதுவும் தப்பு. எக்ஸ்86-க்கு அதை 2010-லேயே 0 ஆக்கிட்டாங்க; ஒழுங்கில்லாத முகவரிக்கு கார்டு டிஎம்ஏ பண்றதுதான் அங்கே அதிகச் செலவு. எண்ணை எழுதாதீங்க, பெயரை எழுதுங்க. முகவரியை நம்ப முடியாத இடத்தில் கெட்_அனலைன்ட் போடுங்க. கண்ட ஸ்ட்ரக்டிலும் பேக்ட்னு ஒட்டித் தப்பிக்கிற வேலை வேண்டாம்.

அப்புறம், எந்தெந்த பிராசசர்ல ஓட்டிப் பார்த்தீங்கன்னு பேட்சோட ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. எக்ஸ்86 மட்டும்தான்னா அதையே எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)