தேடும் வட்டம்

இங்கிலாந்தில் ஸஃபோக் ஜில்லாவைச் சேர்ந்த ஹாக்ஸன் என்னும் கிராமத்தில், ஒரு குடியானவருடைய சுத்தியல் வயலில் விழுந்து காணாமற் போயிற்று. போனால் போகிறது, வேறொன்று வாங்கிக் கொள்ளலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்று தம் சிநேகிதரிடம் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அந்தச் சிநேகிதர் எரிக் லாஸ் என்பவர். ஓய்வு பெற்ற தோட்டக்காரர். 1992-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி அவர் அந்த வயலில் இறங்கிச் சுத்தியலைத் தேடினார். கருவி ஒலித்தது. தோண்டிப் பார்த்தார். கையில் அகப்பட்டவை வெள்ளிக் கரண்டிகளும், பொன் ஆபரணங்களும், பொன்னும் வெள்ளியுமான ரோமானிய நாணயங்களுமாக இருந்தன!

அதன் பிறகு லாஸ் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான பகுதி. அதைக் கடைசியில் சொல்லுகிறோம். இந்தக் கதை இப்போது நம் ஞாபகத்துக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் உத்தியோகம் பார்த்துவரும் நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வு நாட்களில் பொழுதுபோக்காக ஒரு ‘மெடல் டிடெக்டர்’ வாங்கினாராம். அதனுடன் வந்த வட்டம் 11 அங்குலம். "15 அங்குல வட்டம் போட்டால் இன்னும் ஆழத்தில் இருப்பதெல்லாம் தெரியும்" என்று தோழர்கள் சொல்லுகிறார்களாம். வாங்கலாமா, கூடாதா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் காரணம் சொல்லாமல் அபிப்பிராயம் மட்டும் சொல்வது ஜோசியர்களுக்குத்தான் அழகு. ஆகையால் காரணங்களையும் சொல்லிவிடுகிறோம்.

கோலின் அடியில் தட்டுப் போல இருக்கும் அந்த வட்டந்தான் கருவிக்குக் காது. அதற்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு சுருளில் மின்சாரம் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறி ஓடுகிறது. அதனால் கீழேயுள்ள மண்ணில் காந்த சக்தி பரவுகிறது. அங்கே ஓர் உலோகத் துண்டு இருந்தால், அதற்குள்ளும் சிறு சிறு மின்சாரச் சுழல்கள் எழுகின்றன. அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய காந்த சக்தியை இரண்டாவது சுருள் வாங்கிக் கொள்கிறது. நம் காதில் ஒலி கேட்கிறது.

இது நேற்றுப் பிறந்த யுக்தி அன்று. 1881-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். உடம்பில் புகுந்த குண்டு எங்கே இருக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், சுருள்களாலான ஒரு கருவியைச் செய்து கொண்டு வந்து ஜனாதிபதியின் உடம்பின்மீது நகர்த்திப் பார்த்தார். குண்டு கிடைக்கவில்லை. படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. அவை ஒலியைக் குழப்பின. அன்றியும், வலப்பக்கத்தில்தான் குண்டு இருக்கிறதென்று பெரிய வைத்தியர் முடிவு கட்டி, அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார். செப்டம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி இறந்தார். பிறகு அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்பின் இடப்பக்கத்தில் இருந்தது. கருவி நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. சுற்றிலும் இருக்கும் மற்ற உலோகங்களை அறிந்து, சரியான இடத்தில் தேட வேண்டும் என்பதை இந்தத் துயரக் கதை காட்டுகிறது. வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலாவது, அளவைப் பற்றிச் சொல்லுகிறோம். பெரிய வட்டம் அதிக ஆழம் போகும் என்பது பாதி உண்மை. பானை, பெட்டி போன்ற பெரிய பொருளாயிருந்தால் அது ஆழத்திலும் தெரியும். ஒரே வீச்சில் நிறைய இடத்தையும் பார்க்கலாம். ஆனால் சிறு காசின் விஷயம் வேறு. காசு வட்டத்தை விட்டு வெகுவாக விலகிப் போன பிறகு, தூரம் இரு மடங்கானால் திரும்பி வரும் ஒலி ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகக் குறைந்து போகிறது. வட்டத்தை நாலு அங்குலம் பெரிதாக்குவதனால் இந்த நஷ்டத்தை ஈடு செய்ய முடியாது. அதோடு, பெரிய வட்டம் அதிக மண்ணைப் பார்க்கிறது. மண்ணிலுள்ள இரும்புச் சத்தும் அதன் காதில் விழுகிறது. நகத்தளவு வெள்ளிக் காசு அந்த இரைச்சலில் மறைந்து போகும். சந்தையின் நடுவே நின்றுகொண்டு குழந்தை முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போலத்தான்.

பழைய வீடுகள் இருந்து அழிந்த நிலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அங்கே ஒவ்வோரடிக்கும் துருப்பிடித்த ஆணி கிடக்கும். பெரிய வட்டத்தின் கீழ் நாலு ஆணியும் ஒரு காசும் ஒரே சமயத்தில் வந்தால், கருவி "இரும்பு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடும். இத்தகைய இடங்களுக்கு 5 அல்லது 6 அங்குல வட்டமே உகந்தது. அது ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே நுழைந்து காசைத் தனியாகப் பொறுக்கிக் காட்டும். உழுத வயலில் பொதுவாகத் தேடுவதற்கு 8 முதல் 11 அங்குலம் வரை போதும். 13, 15 அங்குல வட்டங்கள் குப்பையில்லாத வெட்டவெளிக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றின் கனத்தையும் கவனிக்க வேண்டும். காலையில் லேசாக இருப்பது மத்தியானத்துக்குள் தோளை இறக்கிவிடும்; கை சோர்ந்தால் வட்டம் தரையைவிட்டு மேலெழும்; மேலெழுந்த அளவுக்கு ஆழம் நஷ்டம்.

இரண்டாவது, சுருளைச் சுற்றியிருக்கும் விதம். பெரிய வட்டத்துக்குள் சிறிய வட்டமாக, ஒரே மையத்தில் இரண்டு சுருள்களை அமைப்பது ஒருவகை. இதன் பார்வை கவிழ்த்த கூம்பு போலக் கீழே போகப் போகக் குறுகும். பொருள் எந்த இடத்தில் இருக்கிறதென்று சரியாகக் காட்டும். இரும்பையும் மற்ற உலோகத்தையும் பிரித்துக் காட்டுவதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆனால் இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் இது தடுமாறும். கூம்பு குறுகுவதால், வீச்சுக்கு வீச்சுப் பாதி வட்டமாவது மேலே படியும்படி வீச வேண்டும்.

‘டபிள் டி’ என்பது மற்றொரு வகை. ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவத்தில் இரண்டு சுருள்களை முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைப்பார்கள். இதன் பார்வை முன்னிருந்து பின்வரை ஒரு கத்தியின் அலகு போல நீண்டும் மெலிந்தும் இருக்கும். ஒரு சமயத்தில் கொஞ்ச மண்ணையே பார்ப்பதால் கெட்ட மண்ணிலும் அமைதியாக வேலை செய்யும். அடுத்தடுத்துக் கிடக்கும் பொருள்களையும் பிரித்துக் காட்டும். இடத்தைக் குறிப்பாகக் காட்டுவதில் மட்டும் சற்று மட்டம். தட்டையான இரும்புத் தகட்டைக் கண்டு சில சமயம் ஏமாந்தும் போகும். நமது நேயரிடம் இருப்பது 11 அங்குல ‘டபிள் டி’ என்றால், அதுவே பெரும்பாலான வயல்களுக்குப் போதுமானது. பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால், ஆணிகள் நிறைந்த இடத்துக்காகச் சிறிய வட்டம் ஒன்று வாங்கிக் கொள்ளட்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒரு கம்பெனியின் வட்டம் மற்றொரு கம்பெனியின் கருவிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. வட்டம் தண்ணீரில் நனையலாம் என்றால், கைப்பிடியிலுள்ள பெட்டியும் நனையலாம் என்று அர்த்தமில்லை. கம்பியைக் கோலில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். அது ஆடினால் இல்லாத புதையலுக்கெல்லாம் கருவி கூவும். அடியில் போடும் உறையை அடிக்கடி கழற்றி, உள்ளே சேர்ந்த மண்ணைத் தட்டிவிட வேண்டும். இவற்றை விட்டுவிட்டு ஆயிரம் பவுன் கொடுத்து வட்டம் வாங்கியும் பயன் இல்லை.

இனி ஆழத்தைப் பற்றிய பேராசைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தைச் சேர்ந்த கிங்கோவர் என்னும் ஊரருகே 1980-ஆம் வருஷம் இத்தகைய கருவியால் கண்டெடுத்த பொன்கட்டி 27 கிலோ எடையுள்ளது. அது கிடந்த ஆழம் ஓரடிதான்! ஆழத்தில்தான் பாக்கியம் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் இதற்கு வேறொரு நியாயமும் உண்டு. ஏர்க்கால் புரட்டும் மேல்மண்ணில் கிடக்கும் பொருள்கள் ஏற்கெனவே இடம் பெயர்ந்தவை. அதற்குக் கீழே இருப்பவையோ, வைத்தவர் வைத்த இடத்திலேயே இருப்பவை. எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எந்தப் பொருள், எந்த மண் அடுக்கில், எந்தப் பெட்டிக்குள் என்பதெல்லாம் எழுத்தில் எழுதாத சரித்திரம். மண்வெட்டி ஒரு தடவை விழுந்தால் அந்தப் பக்கம் கிழிந்துபோகும். திருப்பி ஒட்டுவார் இல்லை. ஆகவேதான் நிலத்துக்குடையவரின் அனுமதி பெற்றுத் தேடவேண்டும், உழுத ஆழத்துக்குக் கீழே தோண்டக்கூடாது என்று 2006-ஆம் வருஷத்தில் அங்கே பல சங்கங்கள் ஒன்று கூடி ஒழுக்க விதி வகுத்தன. தோண்டக் கூடாத ஆழத்தைக் காட்டும் வட்டத்துக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

லாஸ் செய்தது இதுதான். சில பொருள்கள் கையில் வந்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். அவரும் குடியானவரும் நிலத்துக்கு உடைமையான ஜில்லாக் கவுன்ஸிலுக்கும் போலீஸுக்கும் தகவல் கொடுத்தார்கள். மறுநாள் புதைபொருள் ஆராய்ச்சியாளர் வந்து முறையாகத் தோண்டினார்கள். 14,000-க்கு மேற்பட்ட நாணயங்கள் வெளிவந்தன. நாணயங்கள் மட்டுமா? அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி மக்கிப்போன அடையாளம், உள்ளே இருந்த சிறு பெட்டிகளின் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகள், வெள்ளிப் பாத்திரங்களுக்கிடையே திணித்திருந்த வைக்கோலின் சுவடு ஆகியவையும் தெரியவந்தன. அவசரக்காரர் கையில் சிக்கியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும், கதை மிஞ்சியிராது.

அந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சீமாட்டி ஒருத்தியின் மார்பளவு உருவம்; அடியிலுள்ள வில்லையைத் திருப்பினால் மிளகுப் பொடியை நிரப்பலாம், தூவலாம், மூடிவிடலாம். ரோமானியர் உண்ட மிளகு நம் சேர நாட்டு மலைச் சாரலிலே விளைந்து, மேற்குக் கடற்கரைத் துறைகளில் கப்பலேறிய பண்டம். புதையலின் கடைசி நாணயங்கள் 407, 408-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. அதே 408-இல்தான் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் காத்தியர் தலைவன், பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 ராத்தல் மிளகையும் கப்பமாகக் கேட்டான். கடலுக்கப்பால் ஒரு குளிர்ந்த வயலில், நம் நாட்டு மிளகின் கீர்த்தி 1,500 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் உறங்கியிருக்கிறது!

நம் தேசத்தின் மண்ணில் இத்தகைய ஏடுகள் எத்தனை புதைந்திருக்கின்றனவோ! பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. அந்நியர் செய்த சட்டந்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. சட்டம் அவர்களுடையதாயிருந்தாலும் சரித்திரம் நம்முடையது.

லாஸுக்கு என்ன கிடைத்தது என்று நேயர்கள் கேட்பார்கள். 17½ லட்சம் பவுன் வெகுமதி கிடைத்தது. அதைக் குடியானவரோடு பங்கிட்டுக் கொண்டார். சுத்தியலும் அகப்பட்டது. அது இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் அந்தப் புதையலோடு சேர்ந்து இருக்கிறது.