கோழிக்கு மஞ்சள் போதுமா?

போன வருசம் எங்கட தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரு கிழமைக்குள் பதினாலு கோழி செத்துப்போனது. வீடு கிளிநொச்சிப் பக்கம். முதல் நாள் ஒரு பேடு தீன் தின்னாமல் மூலையில் உறங்கிக்கொண்டு நின்றதாம். அடுத்த நாள் பச்சையாகக் கழிந்தது. மூன்றாம் நாள் இன்னும் நாலைந்து கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடித்தன. அம்மா சும்மா இருக்கவில்லை. மஞ்சள், உள்ளி, வேப்பங்கொழுந்து எல்லாம் அரைத்து உருண்டையாக்கித் தீத்தினார். யூரியூப்பில் ஒரு அண்ணா சொன்னார் எண்டு சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரேக்க கூடு வெறுமை.

அந்த முட்டைக் காசில்தான் அவள் போர்டிங் வாடகை கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையை கன்ரீனில் அவள் சொன்னபோது எங்களுக்குள் சண்டை வந்தது. "இந்த நாட்டு மருந்தெல்லாம் சும்மா ஏமாத்து" என்றது ஒரு பக்கம். "எங்கட அம்மம்மாமார் ஊசி போட்டா கோழி வளத்தவை?" என்றது மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் அவசரப்பட்டுவிட்டன என்றுதான் இப்ப நினைக்கிறோம். வீட்டு வைத்தியம் சரியா பிழையா என்று ஒரேயடியாகக் கேட்டால் பதில் வராது. எந்த வருத்தத்துக்கு, எந்த நேரத்தில் என்று கேட்கவேண்டும்.

முதலில் தீனைப் பார்ப்போம். அதில் அம்மம்மாமாரை வெல்ல ஆளில்லை. பழைய பானைக்குள் வைக்கோலும் காய்ந்த சாணியும் போட்டு, தண்ணி தெளித்து, கறையான் புற்றுக்குப் பக்கத்தில் பின்னேரம் கவிழ்த்து வைப்பார்கள். விடிய எடுத்துக் குஞ்சுகளுக்குத் தட்டிவிட்டால் அதைவிட நல்ல தீன் கடையில் இல்லை. வளரும் குஞ்சுக்குத் தேவையான புரதம் அதில் நிறைய இருக்கிறது. முட்டைக் கோதைக் காயவைத்து நொறுக்கிப் போடுவதும் அப்படித்தான். ஒரு முட்டைக் கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. கோழி தன் உடம்பிலிருந்து எடுத்துக் கோதாக்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். முருங்கையிலை, தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் சொல்லலாம்.

ஆனால் இதற்குள் ஒரு விசயம் இருக்கிறது. முட்டையிடும் கோழிக்குத் தீனில் 16 வீதமளவு புரதம் வேண்டும். குறுணலில் இருப்பது கிட்டத்தட்ட அதில் பாதி. பிறகு எப்படி அம்மம்மாவின் கோழி குறுணலைத் தின்று முட்டையிட்டது? அது குறுணலை மட்டும் தின்னவில்லை. காலையில் திறந்துவிட்டால் பொழுதுபட்டுத்தான் கூட்டுக்கு வரும். அதுவரைக்கும் குப்பையைக் கிளறி, புழு பூச்சி பொறுக்கி, வேலிக்கரைப் பச்சையைக் கொத்தி மிச்சப் புரதத்தைத் தானே தேடிக்கொண்டது. இப்ப வளவு சுருங்கிவிட்டது. அயலட்டைச் சண்டைக்குப் பயந்து கோழியை வலைக்கூட்டுக்குள் அடைத்துவிட்டு, பழஞ்சோறும் குறுணலும் போட்டு, "நாங்கள் இயற்கையாத்தான் வளக்கிறம்" என்று சொல்கிறோம். முட்டை குறைந்தால், கோது மெலிந்தால் கோழியில் குற்றம் சொல்கிறோம். அடைத்து வளர்ப்பதென்றால் புழு பூச்சிக்குப் பதிலாக எதையாவது நாங்கள்தான் கொடுக்கவேண்டும். பிண்ணாக்கோ, கருவாட்டுத் தூளோ, கறையானோ, கடைத்தீனோ, ஏதோ ஒன்று.

இயற்கையானது எல்லாம் பத்திரமானது என்பதும் உண்மையில்லை. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தேடிப்போனவர்கள் கண்டது, தீனில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு. அஃப்ளரொக்சின் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பூஞ்சணமும் இயற்கைதான். மாரிக்குள் ஈரம் பட்டு மணக்கிற பிண்ணாக்கை, "மனிசர் தின்னுறதில்லைத்தானே" என்று கோழிக்குப் போடுகிற வழக்கத்தை இன்றைக்கே விடவேண்டும்.

இனி வருத்தம். அடுப்புச் சாம்பலில் கோழியைப் புரளவிடுவது பேனைக் குறைக்கும். கூட்டைக் கூட்டி, எச்சத்தை அள்ளி, ஈரமில்லாமல் வைத்திருப்பது குஞ்சுகளின் இரத்தக் கழிச்சலைக் குறைக்கும். கொத்துப்பட்ட காயத்துக்கு மஞ்சள் பூசுவதிலும் பிழையில்லை. அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசுகிறார்கள், சில கிழமையில் மாறிவிடுகிறது. ஆனால் தோலில் மட்டும் வரும் அம்மை பெரும்பாலும் தானாகவே அந்தக் காலத்துக்குள் மாறுகிற வருத்தம். மாறின பெருமை மஞ்சளுக்குப் போகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பூசினார்கள், மாறினது, கண்ணால் கண்டார்கள். அந்த நம்பிக்கையோடு அதே மஞ்சளை எடுத்துக்கொண்டு தோழியின் அம்மா போய் நின்ற இடம்தான் வேறு.

அந்தப் பதினாலு கோழிக்கும் வந்தது இராணிக்கேத் என்றுதான் அறிகுறிகளைக் கேட்ட மிருக வைத்தியர் சொன்னாராம். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த நோயைக் கண்டு எழுதினார்கள். உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. கொஞ்சம் பிந்தி இந்தியாவின் இராணிக்கேத்தில் கண்டதால் எங்கட பக்கம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இது வைரஸ். தடுப்பு மருந்து போடாத கூட்டத்துக்குள் கடுமையான வகை புகுந்தால் முழுதையும் கொண்டுபோகக்கூடியது. வந்தபிறகு குணமாக்க மருந்து கிடையாது. மஞ்சளும் உள்ளியும் அதை மாற்றாது. மனிசருக்கு வாங்கின அன்ரிபயோற்றிக் குளிசையை உடைத்துத் தண்ணியில் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் மாற்றாது. அம்மாவின் உரலைப் பார்த்துச் சிரிக்கிற படித்த ஆட்கள் இந்தக் குளிசைப் பழக்கத்தையும் ஒருக்கா பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே பிழைதான்.

இதற்கு இருக்கிற ஒரே வழி முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவது. கண்ணில் ஒரு சொட்டு விட்டாலே போதுமான வகைகள் இருக்கின்றன. அப்ப ஏன் சனம் போடுவதில்லை? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. மருந்துக் குப்பியைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். ஒரு குப்பி நூறு, இருநூறு, ஆயிரம் கோழிக்கு என்றுதான் வருகிறது. குளிரில் வைத்திருக்கவேண்டும். கரைத்துவிட்டால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற ஒரு அம்மா பஸ் ஏறிப்போய், குளிர் கெடாமல் கொண்டுவந்து, பத்துச் சொட்டு விட்டுவிட்டு மிச்சத்தை ஊத்தவேண்டும். பண்ணைக்காரனுக்குச் செய்த குப்பி அது. மஞ்சளோ அடுக்களையிலேயே இருக்கிறது. யாரென்றாலும் மஞ்சளைத்தான் எடுப்பார்கள்.

அதனால் எங்கட கருத்து இதுதான்: இராணிக்கேத்தை ஒரு வீடு தனிய நின்று தடுக்க ஏலாது, ஒழுங்கை சேர்ந்து தடுக்கவேண்டும். நோயும் அப்படித்தான் வருகிறது. என்னுடைய கோழி வேலி பார்த்துப் போவதில்லை. வருத்தக் கோழியை "சாகமுதல் வித்துப்போடு" என்று விற்றால் அது அடுத்த ஊருக்குப் போகிறது. செத்ததைப் பற்றைக்குள் எறிந்தால் நாயும் காகமும் இழுத்துக்கொண்டு திரியும். நோய் பரவினதுக்குப் பிறகு ஓடிப்போய் மருந்து போட்டும் பயனில்லை, நல்ல கோழிக்குத்தான் போடவேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் மாதர் சங்கம் இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. லீவில் வீட்டுக்குப் போய் ஃபோனோடு படுத்திருக்கிற நாங்களும் இருக்கிறோம். ஒரு கொப்பியில் வீடு வீடாகக் கோழியை எண்ணி, கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, ஒரு நாள் குறித்து, கோழி கூட்டுக்குள் இருக்கிற விடியப்புறத்தில் சொட்டு விட்டுக்கொண்டு போனால் ஒரு ஒழுங்கை முடிய ஒரு காலை போதும். சில மாதத்துக்கு ஒருக்காத் திரும்பச் செய்யவேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை.

சின்ன விசயத்துக்கு ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். எங்கட ஊர்களில் ஆட்டையும் மாட்டையும் விற்கும்போது ஆம்பிளையைக் கேட்பார்கள். கோழியை விற்க அம்மா யாரையும் கேட்பதில்லை. அது அவவின் காசு. போருக்குப் பிறகு வன்னியில் தனியக் குடும்பம் நடத்துகிற எத்தனையோ பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று கையில் கிடைத்தது சில கோழிக்குஞ்சும் ஒரு கூடும். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அடுத்த போகத்தில் சோளம் குறைந்தது, டொலரும் இல்லை, தீன் விலை ஏறினது. 2023 இல் முட்டையையே இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். 'இயற்கை' என்ற சொல்லை ஆயத்தமில்லாமல் மேலிருந்து திணித்தால் கடைசியில் யாருடைய பானை கவிழும் என்பதை நாங்கள் அப்பவே பார்த்துவிட்டோம். அந்தக் காலத்திலும் வளவுக் கோழி இருந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு முட்டை இருந்தது.

அம்மம்மாவிடம் படிக்கவேண்டியது இன்னும் இருக்கிறது. காலையில் கூட்டைத் திறக்கும்போதே எது பின்னுக்கு நிற்கிறது, எதின் பூ வெளிறியிருக்கிறது, எச்சம் என்ன நிறம் என்று பார்த்துவிடுவா. அந்தக் கண் எங்களிடம் இல்லை. அதைப் படிப்போம். பின்னுக்கு நிற்கிற கோழியை அன்றைக்கே தனியாக்குவோம், செத்ததை ஆழக் கிடங்கு வெட்டித் தாழ்ப்போம். மஞ்சள் காயத்துக்கு இருக்கட்டும், கறையான் குஞ்சுக்கு இருக்கட்டும். இராணிக்கேத்துக்கு மட்டும் சொட்டு மருந்து.

தோழியின் அம்மா திரும்பவும் ஒரு பேட்டை அடை வைத்திருக்கிறா. கடகத்துக்குள் மண் போட்டு, முட்டைகளுக்கு இடையில் இடிக்குக் காவலாக ஒரு இரும்புத் துண்டும் கரியும் செத்தல் மிளகாயும் வைத்திருக்கிறாவாம். இருக்கட்டும், அதால் ஒரு கேடும் இல்லை. 21 நாளில் குஞ்சு வரும். அதுக்கிடையில் தோழி கொப்பியோடு ஒழுங்கையைச் சுற்றி வந்துவிட்டாள். பதினொரு வீடு, எண்பத்திமூன்று கோழி. நூறு கோழிக் குப்பி ஒன்று போதும்.